பலகையை விட்டு இறங்காதவர்

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தானுக்கு,

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, "இனிமே எங்கிட்ட எதுவும் பேச வேணாம், எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொன்னீர்கள். நான்கு வருடம் ஆகிறது. எழுத்திலேயே கொடுக்கிறேன்.

நீங்கள் பதினோரு வருடம் மீத்தேன் அளந்த சதுப்பில், தரையில் உங்கள் பழைய அளவு வளையங்கள் பதிந்திருக்கும் அதே இடத்தில், போன அக்டோபரில் எங்கள் நிறுவனம் ஒரு தானியங்கி நிலையம் வைத்தது. உங்கள் வீட்டு மேட்டிலிருந்து பார்த்தாலே கம்பம் தெரியும், அதனால் இது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அரை மணிக்கு ஒரு முறை கண்ணாடி மூடிகள் தாமே கவிழ்ந்து, நிலம் விடும் காற்றைப் பிடித்து அளந்து, எண்ணைச் செயற்கைக்கோள் வழியாக என் மேசைக்கு அனுப்பும். ஆள் தேவையில்லை. அதுதான் அதன் பெருமை.

இப்போது ஆள் தேவைப்படுகிறது. இரண்டு வாரமாக பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. சூரியத் தகட்டில் பறவை எச்சம் படிந்திருக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கேமரா வைக்கவில்லை, அதனால் இங்கிருந்து பார்க்க வழியில்லை. நான் அங்கே வர ஒன்றரை நாள். வண்டிக்கு அனுமதி வாங்க ஒரு மாதம். உங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிட நடை. ஈரத் துணி ஒன்று போதும்.

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்கிறேன் என்று தெரியும். வேறு யாரும் அந்தப் பக்கம் இல்லை.

அக்கா எப்படி இருக்கிறாள்?

சின்னவன்

*

ஏப்ரல் 11

பொறியாளர் அவர்களுக்கு,

ஆள் தேவையில்லாத இயந்திரத்துக்கு முகம் கழுவிவிட ஆள் தேவைப்படுகிறது என்பதைப் படித்து, நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு லெட்டரு?"

"உன் தம்பி. அவன் மெஷினுக்கு மூஞ்சி கழுவணுமாம்."

"என்னைப் பத்திக் கேட்டிருக்கானா?"

"கேட்டிருக்கான். கடைசி வரியில. பறவை எச்சத்துக்கு அப்புறம்."

அவள் உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவுவதற்கு அன்று அவ்வளவு பாத்திரம் இல்லை.

நீங்கள் மறந்திருக்கலாம், அதனால் நினைவுபடுத்துகிறேன். பதினோரு வருடம், வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு மணிக்கு நான் அந்தச் சதுப்பில் இருந்தேன். வளையத்தின் மேல் வாளியைக் கவிழ்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஊசிக்குழலில் காற்றை இழுத்து, குப்பியில் அடைத்து, பெயர் ஒட்டி அனுப்பினேன். பனியில் விரல் மரத்துப்போய், குப்பியின் மூடியைப் பல்லால் திருகியிருக்கிறேன். மற்ற சதுப்புகளில் மூன்று, நான்கு என்று வந்த அளவு, என்னுடையதில் போகப்போக முப்பது, நாற்பது என்று வந்தது. நிலம் சொன்னதை எழுதினேன். அதற்கு உங்கள் விசாரணைக் குழு எழுதியது என்ன? "அளப்பவர் பலகையை விட்டு இறங்கி நிலத்தைக் கலக்கியிருக்க வாய்ப்புண்டு."

வாய்ப்புண்டு. பார்த்தோம் என்று எழுதவில்லை, யாரோ சொன்னார்கள் என்றும் எழுதவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்து என் பதினோரு வருடத்தையும் "நம்பத்தகாதது" என்று பூட்டினீர்கள். கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உன்னுடையது.

நடைபாதைப் பலகையை விட்டுச் சதுப்பில் கால் வைத்தால் அடியில் தேங்கியிருக்கும் வாயு குமிழியாகக் கிளம்பிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? பார்க்க வந்தவர்களையெல்லாம் "பலகை, பலகை!" என்று கத்திக் கத்தித்தானே ஆபீசில் எனக்குப் பலகையார் என்று பெயர் வைத்தார்கள்? அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தவர்களில் நீயும் ஒருவன். பலகையாரே பலகையை விட்டு இறங்கினார் என்று கையெழுத்துப் போட்டவனும் நீதான்.

உன் பெட்டி இருக்கும் திசையில் நான் கால் எடுத்து வைக்க மாட்டேன். மழை வந்து கழுவட்டும்.

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். கேட்டதற்கு நன்றி.

பலகையார்

*

ஜூன் 2

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் சொன்னதுபோலவே மழை கழுவிவிட்டது. ஏப்ரல் 13ஆம் தேதி பேட்டரி தானாக ஏறியது, அதற்குப் பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

இயந்திரத்தின் நிரலில் ஒரு வடிகட்டி இருக்கிறது. இருபதுக்கு மேல் எந்த எண் வந்தாலும் அதைக் கோளாறு என்று ஒதுக்கிவிடும். அந்த இருபதை வைத்தவன் நான். உங்கள் முப்பதையும் நாற்பதையும் மனதில் வைத்துத்தான் வைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை. போன வாரம் வேறு எதையோ தேடும்போது அந்த ஒதுக்கிய குப்பையைத் திறந்து பார்த்தேன். அத்தான், உள்ளே உங்கள் எண்கள் இருக்கின்றன. முப்பத்திரண்டு. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. ஏப்ரல் நடுவிலிருந்து, வாரத்தில் நான்கைந்து நாள். எல்லாம் காலை ஏழிலிருந்து எட்டுக்குள். மற்ற நேரமெல்லாம் மூன்று, நான்கு.

நீங்கள் அளந்த நேரமும் ஏழிலிருந்து எட்டு. மற்ற சதுப்புகளில் அளந்தவர்கள் வண்டி பிடித்துப் போய்ச் சேரவே பதினொன்றாகும். சதுப்பு காலையில்தான் மூச்சு விடுகிறது, அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே ஆள் நீங்கள். நாங்கள் எல்லாம் மூச்சு விட்டு முடித்த நிலத்தை அளந்துவிட்டு உங்களைப் பொய்யர் ஆக்கியிருக்கிறோம். பக்கத்தில் ஆளே இல்லாத இயந்திரம் இதைச் சொல்கிறது. அதன் காலில் எந்தப் பலகையும் இல்லை.

ஜூலை 11 வியாழக்கிழமை வருடாந்திரக் கூட்டம். எல்லோர் முன்பும் இதை வைக்கப்போகிறேன். உங்கள் பதினோரு வருடத்தின் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பேன். நான் போட்ட கையெழுத்து தவறு என்றும் சொல்வேன்.

உங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்பது ரொம்பச் சின்னச் சொல்லாகத் தெரிகிறது. வேறு சொல் என்னிடம் இல்லை.

சின்னவன்

*

ஜூன் 9

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல், இரண்டாவது போட்டுக்கொண்டு, மூன்றாவது உன் அக்காவுக்கு உரக்க.

நான் உனக்கு உடனே மன்னிப்பு வழங்கிவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. நான்கு வருடம் வீட்டில் உட்கார்ந்து சுவரை அளந்தவன் நான். முதலில் அந்த மன்னிப்பை நிறுவனத்தின் தாளில், முத்திரையோடு, தேதி போட்டு அனுப்பு. இயக்குநருக்கு ஒரு பிரதி. "வாய்ப்புண்டு" என்ற சொல் அதில் எங்கும் வரக் கூடாது.

பலகையை விட்டு நான் ஒரு நாளும் இறங்கியதில்லை என்ற வாக்கியம் அதில் வர வேண்டும். அப்படியே வர வேண்டும்.

உன் அக்கா, மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். அப்புறம், "அப்ப இனிமே நான் அவன்கூடப் பேசலாமா?" என்றாள்.

"நான் எப்ப பேசாதேன்னு சொன்னேன்?"

"சொல்லல. அவன் பேரை எடுத்தப்பல்லாம் சாப்பாட்டுல உப்பு இல்லன்னீங்க."

எங்கள் மேட்டில் எந்த டவரும் எட்டாது என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே நாலு கிலோமீட்டர் நடந்து, பஸ் நிறுத்தக் கடையில் இருக்கும் போனுக்குப் போய்விட்டாள். நீ எடுத்திருப்பாய். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தவள் முகம் கழுவாமலே படுத்துக்கொண்டாள்.

மழையைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், ஏப்ரலில் இங்கே மழைதான்.

பலகையார் (இப்போது இந்தப் பெயரில் எனக்கு வெட்கமில்லை)

*

ஜூன் 17

அன்புள்ள அத்தான்,

நீங்கள் கேட்டபடி கடிதம் இதோடு இருக்கிறது. தாள், முத்திரை, தேதி எல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பலகை வாக்கியம் இரண்டாவது பத்தியில். இயக்குநர் பிரதியைப் படித்துவிட்டு, "நீ நிச்சயமாத்தான் சொல்றியா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

அக்கா நாற்பது நிமிடம் பேசினாள். முதல் பத்து நிமிடம் திட்டு மட்டும்தான். "நீ என்ன பெரிய இன்ஜினியரு, உனக்குப் பல்லு விளக்கக் கத்துக்குடுத்ததே நான்" என்று ஆரம்பித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறாள். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் வந்தால் என்று கேட்க நினைத்தேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். இயந்திரம் பிடித்த பெரிய எண்கள் எல்லாம், தேதியும் மணியும் நிமிடமும் போட்டு. சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சின்னவன்

*

ஜூலை 3

அன்புள்ள அத்தான்,

அக்கா வந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டாம் நாளே என் சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டாள். என் கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் எதையும் வெட்டாது, அளவெடுக்கத்தான் ஆகும்போல" என்றாள். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. எனக்கு அது பழக்கமில்லை. இரண்டு நாள், வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நம்பரைப் பார்த்தேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஜூன் 24 திங்கட்கிழமையிலிருந்து பெரிய எண்கள் வரவில்லை. இன்றோடு பத்து நாள். காலை ஏழும் எட்டும் மற்ற நேரம் மாதிரியே மூன்று, நான்கு. பக்கத்து மேசைக்காரர் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உன் சதுப்பு லீவுல போயிருக்கா?" என்கிறார். இயக்குநர் வேண்டுமானால் இந்த வருடம் இதை வைக்காதே என்கிறார். நான் பின்வாங்கப்போவதில்லை. பத்து வாரம் வந்தது, பத்து நாள் வராததால் இல்லாமல் போய்விடாது.

அங்கே ஏதாவது மாறியிருக்கிறதா? தண்ணீர் மட்டம், காற்று, எதுவானாலும். மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு வரி எழுதினால் போதும். கூட்டம் 11ஆம் தேதி.

சின்னவன்

*

ஜூலை 8

சின்னவனுக்கு,

இங்கே தண்ணீர் மட்டம் மாறவில்லை. காற்றும் மாறவில்லை. நான் போகவில்லை, அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் 11ஆம் தேதி உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். 13ஆம் தேதி காலையில் உன் அக்காவிடம் விறகு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு உன் பெட்டியிடம் போனேன். உனக்காகப் போகவில்லை. அது எவ்வளவு மட்டமாக வேலை செய்கிறது என்று பார்க்கப் போனேன். தகட்டைத் துடைத்தேன். ஏழரை ஆயிற்று. மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன, பத்து நிமிடம் இருந்தன, திறந்தன. ஒரு குப்பி உடையவில்லை. ஒரு பெயர் தப்பவில்லை. நான் பதினோரு வருடம் செய்ததை, மூக்கு ஒழுகாமல், முணுமுணுக்காமல் அது செய்தது.

மறுநாளும் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். பிறகு வாரத்தில் நான்கைந்து நாள் போவது பழக்கமாகிவிட்டது. ஏழு மணிக்குப் போய், என் பழைய பலகைகளின் மேல், அதன் பக்கத்தில் நிற்பேன். எட்டு மணிக்குத் திரும்புவேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு வேலை இருப்பதுபோல் இருந்தது. அதை உன்னிடம் சொல்லக் கூச்சம். கால் எடுத்து வைக்க மாட்டேன் என்று எழுதியவன் அல்லவா. மழை கழுவியது என்று நீ எழுதியபோது, அதையே பிடித்துக்கொண்டேன்.

உன் இயந்திரம் பிடித்தது நிலத்தின் மூச்சை அல்ல. என் எடையை.

எப்படி என்று நீ கேட்பாய். முதல் மூன்று வருடம் அந்த நடைபாதை தூண்களின் மேல் நின்றது. நான்காவது வருடம் தூண்கள் உளுத்தன. புதுத் தூண் கேட்டு ஆபீசுக்கு ஏழு மாதம் எழுதினேன், வரவில்லை. நானே பலகைகளை எடுத்துப் பாசியின் மேல் நேராகப் போட்டேன். பதினான்கு பலகை, தனி ஆளாக. ஆடவே இல்லை. எனக்கு அதில் பெருமை கூட. பாசிக்கு அடியில் இருப்பது பஞ்சு மாதிரி மட்கிய மண். ஒரு ஆள் ஏறி நின்றால் பலகை அமுங்கும், அடியில் இருக்கும் வாயு வளையத்துக்குள் குமிழியாக ஏறும். நான் ஒரு நாளும் பலகையை விட்டு இறங்கவில்லை. பலகைதான் என்னோடு இறங்கியது.

அப்படியானால் நான்காவது வருடத்திலிருந்து நான் அளந்ததெல்லாம் இதுதான். எட்டு வருடம்.

இது எனக்கு இப்போதுதான் விளங்கியது. 24ஆம் தேதி காலை படியில் கால் பிசகிவிட்டது, அதனால் போக முடியவில்லை. உன் கடிதத்தில் அதே தேதியைப் பார்த்ததும் பொறி தட்டியது.

இது கூட்டத்துக்கு முன் உன் கைக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன்.

அத்தான்

*

ஜூலை 14

அத்தான்,

கூட்டம் வியாழன். உங்கள் கடிதம் வெள்ளி. இங்கிருந்து அங்கே தபால் நான்கு நாள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை அறுபது பேர் முன்னால் பேசினேன். நன்றாகவே பேசினேன். "இந்தச் சதுப்பு காலையில் மூச்சு விடுகிறது, அதைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே ஒரு மனிதர் கேட்டிருக்கிறார்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் கடிதத்தோடு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் படித்து முடித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை நிலையத்தின் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றி மின்னஞ்சல் வந்தது. சரியான முடிவுதான். பக்கத்தில் ஆள் நின்றாரா என்று யோசிக்காதவன் கையில் ஆளில்லா நிலையத்தைக் கொடுக்கக் கூடாது.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அதை அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் கணக்கிலும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஐந்தாவது வருடத்தில் நான் அங்கே ஒரு முறை வந்திருக்கிறேன். என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தீர்கள். பலகை அமுங்கி என் ஷூவுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறியது. "என்ன அத்தான், பலகை மூச்சு வாங்குது" என்று சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். விசாரணையில் அது எனக்கு ஞாபகம் வந்திருந்தால், பலகை எதன் மேல் கிடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன். நீங்கள் இறங்கினீர்களா இல்லையா என்பதிலேயே நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். அறிக்கையும் தப்பு, நீங்களும் தப்பு.

இதுவரை பதினோரு வருடத்தையும் ஒரே சராசரியாகத்தான் பார்த்து வந்தோம்; தூண் இருந்த முதல் மூன்று வருடத்தை இப்போதுதான் தனியாக எடுத்துப் பார்த்தேன். மூன்று, நான்கு. அழகான எண்கள். அதற்கு மட்டும் பூட்டைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசியாகச் செய்த வேலை அது. மற்ற எட்டு வருடத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி அக்கா விஷயம். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"திங்கட்கிழமை கால் பிசகிடுச்சுன்னா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"திங்கட்கிழமை ஏணி போட்டு ஏறி பரண்ல இருந்து என் பெட்டியை இறக்கினது அவருதான். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு வந்ததும் அவருதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு போன்ல உன்கிட்ட நான் ஏன் அவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? பதினோரு வருஷம் அவரு பேன்ட்டைத் துவைச்சவ நான். ஒரு நாள், ஒரு பொட்டுச் சேறு இருந்ததில்ல. இறங்கினாருன்னு நீ கையெழுத்துப் போட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை, முழங்கால் வரைக்கும் சேறோட வந்தாரு. வழுக்கிடுச்சுன்னாரு. துவைச்சுப் போட்டுட்டுத்தான் வந்தேன்."

பிறகு சொன்னாள்: "அவருக்கு எப்ப தெரிஞ்சுதுன்னு கேட்டு எழுது. அது ஒண்ணு போதும்."

கேட்டுவிட்டேன்.

சின்னவன்

*

ஜூலை 18

சின்னவனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை. அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு.

நீ அனுப்பிய தேதித் தாள் வெள்ளிக்கிழமை வந்தது. நான் எதையும் எழுதி வைக்கிற ஆள் என்பது உனக்குத் தெரியும். பெட்டியிடம் போன ஒவ்வொரு நாளும், போன நேரம், வந்த நேரம், பனியா வெயிலா என்று நோட்டில் இருந்தது. சுவரில் ஒட்டுவதற்கு முன் சும்மா பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வரி தவறாமல் பொருந்தியது. சனிக்கிழமை முழுக்க வேறு காரணம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை போய், வாழ்க்கையில் முதல் முறையாகப் பலகையை விட்டு இறங்கினேன். சேற்றில் மண்டியிட்டு, ஒரு கையால் பலகையை அமுக்கி, மறு கையை வளையத்துக்குள் வைத்தேன். உள்ளங்கையில் குமிழி வந்து வந்து உடைந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உன் அக்கா துணியெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு, "நீலமா, பச்சையா, எதை எடுத்துட்டுப் போகட்டும்?" என்றாள். அவள் என்னிடம் அப்படி எதையும் கேட்டு நான்கு வருடம் ஆகிறது. நீலம் என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பஸ் கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் ஜன்னல் வழியாக, "அடுப்பை அணைக்க மறக்காதீங்க" என்றாள். தலையாட்டினேன்.

சொன்னால் அவள் போக மாட்டாள் என்று பயந்தேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் அவள் போயிருப்பாள். நான் சரி என்று ஆனால்தான் அவள் தம்பியோடு பேசலாம் என்பது அவள் வைத்த சட்டம் இல்லை. நான் வைத்தது. உப்பு இல்லை, உப்பு இல்லை என்று சொல்லிச் சொல்லியே வைத்தது. அவள் என் பேன்ட்டைப் பார்த்து என்னை நம்பினாள். அந்த நம்பிக்கையை வைத்து நான் அவளை உன்னிடமிருந்து நான்கு வருடம் பிரித்து வைத்தேன். எண்கள் உண்மையாகவே இருந்திருந்தாலும் அது நியாயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஆனால் தபால் நான்கு நாள் என்று எழுதியிருக்கிறாய், அதனால் உனக்குத் தெரிந்திருக்கிறது. 8ஆம் தேதி கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டது அந்தப் பஸ் நிறுத்தக் கடை வாசலில்தான். உள்ளே போன் இருந்தது. கடைக்காரர், "பேசணுமா?" என்று நகர்த்தி வைத்தார். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு வியாழக்கிழமை, அந்த அரங்கத்தில், நான் சரியாகத்தான் அளந்தேன் என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லப்போவது நீ என்பதும், மறுநாள் அதற்கு விலை கொடுக்கப்போவது நீ என்பதும் தெரிந்தேதான் ஆசைப்பட்டேன். கை தட்டினார்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோது ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு அடுத்து வரும் பொறுப்பாளரிடம் சொல்: பதினான்கு பலகைகளையும் பிடுங்கி மேட்டில் அடுக்கிவிட்டேன். இனி தூண் அடிக்காமல் யாரும் அங்கே போகக் கூடாது. தகட்டைத் துடைக்க ஆள் வேண்டுமானால் தூண் அடித்த பிறகு எழுதட்டும்.

அந்த மூன்று வருடத்துக்காக நீ எழுதிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. இதற்கு முன் உனக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

26ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை அந்தக் கடையில் இருப்பேன். நம்பர் உன் அக்காவிடம் இருக்கிறது. அவளைக் கூப்பிடச் சொல்லாதே. நான் அங்கே இருப்பேன் என்று மட்டும் சொல். மணி அடிக்காவிட்டால் பரவாயில்லை, எப்படியும் துணி சோப்பு வாங்கப் போக வேண்டியிருக்கிறது.

அத்தான்